திருப்பூரில் 38 ஆயிரம், பெங்களூரில் 70 ஆயிரம்: போவதா, இருப்பதா?

2025 மே 11, காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக (பையர் ஆர்டரை வாங்கி, சரக்கு கிளம்பும் வரை பின்தொடர்கிற வேலை) இருக்கிறேன். கையில் வருவது 38 ஆயிரம். காங்கேயத்தில் சொந்த வீடு, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். பெங்களூரில் ஒரு பையிங் ஆபீஸில் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே துணி வாங்கித் தருகிற ஆபீஸ்) ஆண்டுக்கு 8.4 லட்சம் என்று கூப்பிடுகிறார்கள். மாதம் 70 ஆயிரம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்பா காட்டையும் மாடு கன்றையும் தனியாகப் பார்க்கிறார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அங்கே போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

2025 மே 12

நான் கோபிக்காரி. அவினாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு 2019-ல் பெங்களூரு வந்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

தம்பி, 8.4 லட்சம் என்பது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அதை 12-ஆல் வகுத்து 70 ஆயிரம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஒறம்பரை முழுக்க அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மாற்றவே முடியாது.

அடிப்படைச் சம்பளம் 40 சதவீதம் என்று வைத்தால் 28 ஆயிரம். அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பிஎஃப், 3,360. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 1,350. இரண்டும் அந்த 70 ஆயிரத்துக்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி கைக்கு வர 5 வருஷம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அப்புறம் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 3,360, கர்நாடகத் தொழில் வரி 200. நிற்பது 61,700 சொச்சம். இதில் 10 சதவீதம் 'வேரியபிள்', ஆண்டுக் கடைசியில் தருவோம் என்று எழுதியிருந்தால் மாதம் இன்னும் 7 ஆயிரம் குறையும். அப்போது 54,700.

செலவுக்கு வருவோம். ஒரு படுக்கையறை வீட்டை இன்னொருவரோடு பகிர்ந்தால் உங்கள் பங்கு, மெயின்டனன்ஸும் சேர்த்து, 13 ஆயிரம். சாப்பாடு 8 ஆயிரம். வேலைக்குப் போய்வர 3 ஆயிரம். ஊருக்குப் போய்வர 3 ஆயிரம். இதரம் 4 ஆயிரம். மொத்தம் 31 ஆயிரம், மிச்சம் 23,700. இப்போது காங்கேயத்தில் அம்மா கை சோறு தின்றுகொண்டு என்ன மிச்சம் பிடிக்கிறீர்கள்? 38-ல் 25 ஆயிரமாவது நிற்கும் என்று நினைக்கிறேன். பணத்துக்காக மட்டும் என்றால் கிளம்பவே வேண்டாம். முதல் வருஷம் இப்போது மிஞ்சுவதைவிடப் பத்துப் பைசா கூட அதிகம் மிஞ்சாது.

அப்புறம் நான் ஏன் வந்தேன், ஏன் இன்னும் இருக்கிறேன்? வேலைக்காக. திருப்பூரில் நாம் ஒரு விலை சொல்வோம், பையர் அடித்துக் குறைப்பார், எங்கே எதற்குக் குறைத்தார் என்பது கடைசி வரை தெரியாது. இங்கே அடிக்கிற பக்கம் உட்கார்ந்தேன். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி, கன்சம்ப்ஷன் (ஒரு உருப்படிக்கு ஆகும் துணி), ரிஜெக்ஷன் என்று ஒரு டி-ஷர்ட்டை வரி வரியாகப் பிரித்து, எந்த வரியில் 2 சென்ட் பிடிக்கலாம் என்று பார்க்கக் கற்றது இந்த ஊரில்தான். நிட்டிங் தவிர வேறு எதுவும் தெரியாமல் வந்தவள், வோவன் துணியும் (பின்னாமல் தறியில் நெய்வது) இங்கேதான் படித்தேன். உங்களுக்கு வரப்போகிற வேலை அப்படிக் கற்றுத்தருமா, இல்லை திருப்பூர் ஃபேக்டரிகளுக்குப் போன் போட்டு "ஷிப்மென்ட் என்னாச்சு" என்று கேட்கும் வேலையா? இன்டர்வியூ எடுத்தவரிடம் நேராகக் கேளுங்கள்: காஸ்டிங், அதாவது இந்த விலைக்கணக்கு, என் கையில் இருக்குமா?

2025 மே 12, இரவு

ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்பே சம்பளப் பிரிவைத் தாளில் கேட்டு வாங்குங்கள். தயக்கமே வேண்டாம், எல்லோரும் கேட்கிறார்கள்.

2025 மே 15

வீட்டு அட்வான்ஸ் 10 மாச வாடகையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 10 மாசம் என்பது இந்த ஊரின் பழைய வழக்கம். தனி ஓனர்கள் சிலர் இன்னும் கேட்கிறார்கள். 5, 6 மாசத்துக்கு இறங்கி வருகிறவர்களும் உண்டு. பிஜி (சாப்பாட்டோடு தங்க இடம் தரும் விடுதி) என்றால் ஒரு மாசத்தோடு முடியும். நம் தமிழ்நாட்டில் 2017-ன் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை 3 மாச வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புக்கு 2 மாசம். ஆனால் அது மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் செல்லும். சட்டத்தைச் சொல்லி இங்கே பேரம் பேச வழியில்லை.

24 ஆயிரம் வாடகை வீட்டுக்கு 6 மாச அட்வான்ஸ் 1,44,000. புரோக்கருக்கு ஒரு மாசம், முதல் மாச வாடகை. சாவி கைக்கு வரும்போது 1,92,000 போயிருக்கும். கட்டில், அடுப்பு எல்லாம் அதற்கு மேல். இருவர் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஒரு லட்சத்தைத் தொடும். இந்த முட்டுவழியை நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். வருஷத்துக்கு 24 சதவீதம். மேலே சொன்ன மிச்சத்தில் ஒரு பங்கை வட்டியே தின்றுவிடும்.

அட்வான்ஸ் திரும்பி வருவது தனிக் கதை. நான் முதல் வீட்டைக் காலி பண்ணிய அன்று ஓனரம்மா கையில் டார்ச்சோடு வந்தார். காலை 11 மணி, ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது, ஆனாலும் டார்ச். சுவரை ஒட்டினாற்போல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, ஆணி இருந்த இடங்களை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். சமையல் மேடைக் கிரானைட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடி, மூடிய பின் சொட்டுகிறதா என்று நின்று பார்த்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, "பானு, சாப்டாச்சா" என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் நலம் விசாரித்துக்கொண்டே ஒரு சின்ன நோட்டில் எழுதினார். பெயின்டுக்கு ஒரு மாச வாடகை, கழுவிவிட 3,500. பெயின்டுக்கு ஒரு மாசம் பிடிப்பது இங்கே ஊர் வழக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த 3,500-க்குத்தான் மனசு ஆறவில்லை. முந்தின நாள் முழுக்க நானே தேய்த்துக் கழுவியிருந்தேன்.

வீட்டுக்குள் காலடி வைக்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு நான் மாறின வீட்டில் அப்படித்தான் செய்தேன், பெயின்டோடு முடிந்தது.

2025 மே 19

பொள்ளாச்சிக்காரர் ஒருவர், ஓசூரில் குடியிருந்துகொண்டு தினம் போய்வரலாமே, வாடகை பாதி, நம் ஊர் ரேஷன் கார்டு, நம் ஊர் பேச்சு என்கிறார். ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி என்றால் நல்ல யோசனை. அத்திப்பள்ளி தாண்டி நேர்ரோடு, 20 கிலோமீட்டர் சொச்சம். ஓசூரிலிருந்து போகிறவர்கள் எங்கள் ஆபீஸிலேயே இருந்தார்கள். ஆனால் சில்க் போர்டு சந்திப்பு தாண்டி வேலை என்றால் வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வரை மேம்பாலத்தில் பறந்துவிடலாம், இறங்குகிற இடத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கவேண்டும். பையிங் ஆபீஸ்காரர்களுக்கு வெளிநாட்டு நேரம் வேறு. ஐரோப்பாக்காரன் நம் சாயங்காலத்தில்தான் சுறுசுறுப்பாகிறான். ராத்திரி 8 மணிக்குப் பையரோடு போன் பேச்சு முடிந்து ஓசூர் போய்ச் சேர்ந்தால் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது.

வாடகையில் மிச்சம் பிடிப்பதைவிட ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் சின்ன வீடாகப் பிடிப்பது மேல். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

2025 மே 28

எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) பற்றிக் கேட்ட ஈரோட்டு நண்பருக்கு: 2025-26-ல் பழைய வரி முறையில், அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வரிவிலக்கு என்ற கணக்கு மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை நான்குக்கு மட்டும்தான். பெங்களூரு எவ்வளவு வாடகை வாங்கினாலும் இந்த ஆண்டுக் கணக்கில் 40 சதவீத ஊர். வருஷ வாடகை ஒரு லட்சம் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும், அதைக் கேட்டால் பாதி ஓனர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

ஆனால் நம் காங்கேயத்துத் தம்பிக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. இந்த நிதியாண்டிலிருந்து (2025-26) புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75 ஆயிரம் நிலைக்கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். அவர் சம்பளம் அதற்கு உள்ளேதான் வருகிறது. நான் மே 12-ல் போட்ட கணக்கில் வருமான வரி இல்லாததற்குக் காரணம் அதுதான்.

2025 ஜூன் 9

இந்த வைகாசி முகூர்த்தங்களுக்கு ஊருக்கும் பெங்களூருக்குமாக அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஊருக்குப் போய்வர 3 ஆயிரம் என்று போட்டிருந்தேன். சாதாரண மாசத்துக்கு அது சரி. முகூர்த்த மாசத்தில் மொய்யும் சேர்ந்து 8 ஆயிரம் தாண்டும். நம் பக்கம் மொய் என்பது வாங்கியதைத் திருப்பிச் செய்வது. எங்கள் வீட்டு மொய் நோட்டில் எனக்குக் கல்யாணமானபோது யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போய் நின்றாக வேண்டும். ஜிபேயில் அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் "புள்ள வரலீங்களா" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்தே பஸ் ஏறிவிடுவேன்.

துக்கம்தான் பெரிய கஷ்டம். அம்மாவைப் பெற்ற அம்மிச்சி தவறிய தகவல் இரவு 8 மணிக்கு வந்தது. கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியாக திம்பம் இறங்கினால் சத்தியமங்கலம், அங்கிருந்து கோபி பக்கம். ஆனால் 2022-லிருந்து புலிகள் காப்பகத்துக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை கார் விடுவதில்லை. கோர்ட் உத்தரவு, காட்டு ஜீவன்களுக்கு அது வேண்டும்தான், குறை சொல்லமாட்டேன். நாங்கள் தருமபுரி, மேட்டூர் என்று சுற்றிக்கொண்டு போனோம். வழியில் லாரி ஒன்று சாய்ந்து கிடந்து இரண்டு மணி நேரம் நின்றோம். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தது அம்மிச்சி.

சம்பளத்தில் இதற்கு விலை போட முடியாது. ஆனால் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறபோது இதையும் எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். வந்த பிறகு யோசித்தால் ரொம்ப வலிக்கும்.

அப்பா விஷயம். உங்கள் பக்கம் கொரங்காடு, மழையை நம்பின பூமி, ஆடு மாடுதான் வருமானம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் வாய்க்கால் பாசனம், வேலை ஓயாது. நான் வந்த புதிதில் மாட்டை விற்றுவிடுங்கள், நான் பணம் அனுப்புகிறேன் என்று அப்பாவை வற்புறுத்தினேன். அவர் பதிலே சொல்லாமல் கட்டுத்தாரைக்குப் போய்விட்டார். இப்போது புரிகிறது, காலையில் பால் சொசைட்டிக்குப் போய் நாலு பேரைப் பார்த்துப் பேசி வருவதுதான் அவருக்கு அன்றாடம். விற்கச் சொல்லவில்லை இப்போது. பால் கறக்கவும் சாணி அள்ளவும் பக்கத்துத் தோட்டத்து ஆளுக்கு மாசக்கூலி நான் கொடுக்கிறேன். உங்கள் கணக்கிலும் அப்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் கேட்டு எவ்வளவு என்று போடுங்கள். நீங்களாக முடிவு பண்ணாதீர்கள்.

2025 ஜூன் 11

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "இவ்வளவு வலி இருக்கும்போது ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கிறார். நான் இங்கே, அவர் அங்கே. இரண்டு அடுப்பு, இரண்டு கரன்ட் பில். கல்யாணத்துக்கு முன் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. இப்போது வருஷா வருஷம் புதிதாகப் போட்டுப் பார்க்கிறோம். இந்த வருஷம் வரை விடை "இரு" என்றுதான் வருகிறது. எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள், மில்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. திருப்பூரில் ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. இதை நான் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

2025 ஜூன் 17

நேற்று, 2025 ஜூன் 16-ல், கர்நாடகத்தில் பைக் டாக்சி நின்றது. மெட்ரோவில் இறங்கி பைக் டாக்சியில் போய்விடலாம் என்று தூரத்தில் வீடு பிடிக்க நினைத்தவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ கட்டணமும் பிப்ரவரியில் ஏறிவிட்டது, அதிகபட்சம் 60-லிருந்து 90 ரூபாய். ஜனவரியில் பஸ் 15 சதவீதம். ஏப்ரலில் பால் லிட்டருக்கு 4 ரூபாய். வேலைக்குப் போய்வர 3 ஆயிரம் என்று நான் போட்ட வரியை 3,500 ஆக்கிக்கொள்ளுங்கள்.

சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இங்கே அரசு பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். என் ஆதாரில் கோபிதான் இருக்கிறது. மாற்ற மனசு வரவில்லை. டிக்கெட் எடுத்துத்தான் போகிறேன்.

2025 ஜூன் 30

தண்ணீர். இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டிய அளவுக்கு முக்கியம்.

2024 மார்ச்சில் இந்த ஊர் தவித்தது நாடு முழுக்கத் தெரியும். எங்கள் குடியிருப்பில் போர்வெல் வற்றி, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று திறந்தார்கள். டேங்கர் வரும். லாரிக்காரர் குழாயைச் சம்ப்புக்குள் (தரைக்கடித் தொட்டி) விட்டுவிட்டு டயர்மேல் உட்கார்ந்திருப்பார், நாங்கள் மேலே இருந்து எட்டிப் பார்ப்போம். டேங்கருக்குக் கண்டபடி விலை போய், மாவட்ட நிர்வாகமே விலை கட்டியது. குடிநீரில் கார் கழுவினால் 5 ஆயிரம் அபராதம் என்றது குடிநீர் வாரியம். நான் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் வளர்ந்தவள். கொடிவேரியில் திறந்துவிட்டால் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஒரு பக்கெட்டில் குளித்து, அந்தத் தண்ணீரையே எடுத்துக் கழிவறைக்கு ஊற்றியது அந்த மார்ச்சில்தான்.

இந்த ஊருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி தொரேகாடனஹள்ளியிலிருந்து மேட்டுக்கு ஏற்றித்தான் வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறந்த பிறகு ஓரத்து ஏரியாக்களுக்கும் இணைப்பு கிடைத்து வருகிறது. எனவே வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேளுங்கள்: காவிரி இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, டேங்கர் வந்தால் காசு யார் தருவது. குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்புத் தண்ணீர். தலைமுடியும் குக்கரும் இரண்டுமே பாழ்.

2025 ஜூலை 2

காவிரிப் பிரச்சினை வந்தால் தமிழர்களுக்கு ஆபத்து என்று ஒருவர் பயமுறுத்துகிறார். 2016 செப்டம்பரில் காவிரியை வைத்து இங்கே நடந்த கலவரம் மறக்கக்கூடியது இல்லை. நான் அப்போது இங்கே இல்லை. வந்ததிலிருந்து, பேச்சால்கூட என்னை யாரும் புண்படுத்தியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க 18 வருஷம் ஆனது, 2009-ல் திறந்தார்கள், அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையையும் திறந்தார்கள். இரண்டு பக்கமும் மனசு வைத்தால் நடக்கிறது.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். எண்கள், வழி, காய்கறிப் பெயர்களிலிருந்து ஆரம்பியுங்கள். நம் பக்கம் கர்நாடக எல்லையில் இருக்கும் தாளவாடிக்காரர்களுக்கு அது வீட்டுப் பேச்சு, அவர்களில் ஒருவர் கூட்டாளியாகக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

2025 ஜூலை 13

தம்பி எழுதியிருக்கிறார்: அவசரப்படவில்லை, அந்த ஆஃபரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காஸ்டிங் பற்றிக் கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லையாம். நல்லது. கேட்டதே நல்லது.

இன்னொருவர் பிஜி சாப்பாடு எப்படி என்கிறார். நான் முதலில் பொம்மனஹள்ளியில் பிஜியில்தான் இருந்தேன். சாம்பார் இனிக்கும். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஊரிலிருந்து சின்ன மின்சார அடுப்பு கொண்டுவந்து, வார்டனம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஞாயிறு மட்டும் அரிசிம்பருப்பு ஆக்கினேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்து, மஞ்சள் நம் ஊர் மஞ்சள். இறக்கி, ஒரு கரண்டி நெய் விட்டேன். கான்பூர்ப் பெண் ஒருத்தி வாசனைக்கு எழுந்து வந்து தட்டோடு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்த அறையில் ஐந்தாறு பேர். என் வேலையிலே முதல் பெரிய உதவி அவளிடமிருந்துதான் வந்தது: அவள் கம்பெனி மில் ஒன்றின் துணியை எங்களுக்கு அறிமுகம் செய்தாள்.

வரும்போது நாட்டுச்சர்க்கரை, கொள்ளு, மஞ்சள்தூள், கடலை எண்ணெய் கொண்டுவாருங்கள். அரிசி வேண்டாம், இங்கே கிடைக்கிறது. பெட்டி பெட்டியாகப் பாத்திரமும் வேண்டாம்.

வண்டி பற்றி: டிஎன் நம்பர் பைக்கை 12 மாசம் வரைதான் அப்படியே ஓட்டலாம். அதற்கு மேல் இங்கேயே இருந்தால் நம் ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி இங்கே மாற்றிப் பதிந்து, ஆயுள் வரியும் கட்டவேண்டும். பழைய பைக் என்றால் ஊரிலேயே விட்டுவாருங்கள், அப்பாவுக்கு ஆகும்.

2025 ஆகஸ்ட் 12

மஞ்சள் தட மெட்ரோ ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையம். இந்த 2025 ஆகஸ்டில் வண்டி 25 நிமிஷத்துக்கு ஒன்றுதான், கூட்டம் நெரிகிறது. ஆனாலும் சில்க் போர்டு பற்றி மே 19-ல் எழுதியதில் ஒரு பகுதி இனி மாறும். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ என்று போகலாம். வண்டிகள் கூடினால் பொள்ளாச்சிக்காரர் சொன்ன யோசனைக்கு மதிப்பு வரும். நடந்து போகும் தூரத்தில் வீடு என்பதிலிருந்து மட்டும் நான் நகரமாட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: தீபாவளி அக்டோபர் 20, திங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை டிக்கெட், வரும் ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்கு. விட்டுவிட்டால் மடிவாளாவில் ஆம்னி பஸ்காரர் சொல்வதுதான் விலை. தட்கலுக்கு ஆதார் இணைப்பு ஜூலையிலிருந்து கட்டாயம், இன்றே செய்துவையுங்கள். வந்தே பாரத் திருப்பூர், ஈரோட்டில் நின்று வருவது வசதிதான், ஆனால் பகல் வண்டி. திங்கள் காலை ஆபீஸில் நிற்கவேண்டியவருக்கு ராத்திரி வண்டிதான் வழி.

2025 ஆகஸ்ட் 29

தம்பிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், வேறு ஆபீஸ். 9 லட்சம், சேரும்போது போனஸ் ஒரு லட்சம், காஸ்டிங் பொறுப்பு உண்டு என்று மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கிறார்கள். மே மாசமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்புங்கள் என்றிருப்பேன்.

ஆனால் நேற்று முன்தினத்திலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுவிட்டது. முதல் 25 சதவீதம் 2025 ஆகஸ்ட் 7-ல், அடுத்த 25 சதவீதம் ஆகஸ்ட் 27-ல். திருப்பூரில் என் பழைய கூட்டாளிகளிடம் பேசினேன். அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த கம்பெனிகளில் கட்டிங் டேபிள் காலியாகக் கிடக்கிறதாம். "தள்ளுபடி கொடு, இல்லாவிட்டால் நிறுத்து" என்று பையர்கள் எழுதுகிறார்கள். சாயப்பட்டறை, எம்பிராய்டரி, பேக்கிங் அட்டைப்பெட்டி போடுகிறவர் வரைக்கும் போய்த் தட்டும். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே சரியில்லை. அந்த ஊர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது.

தம்பி, இப்போது ஒரே கேள்வி. உங்கள் இப்போதைய கம்பெனிக்கு எந்த நாட்டு பையர்? கூப்பிடுகிற ஆபீஸுக்கு எந்த நாட்டு பையர்? இரண்டையும் எழுதுங்கள். அமெரிக்க வேலையை விட்டு அமெரிக்க வேலைக்கே மாறினால், புது இடத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் நீங்கள். ஆள் குறைக்கும்போது யார் பெயர் முதலில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

2025 ஆகஸ்ட் 31

பதில் வந்துவிட்டது. இப்போதைய கம்பெனியில் முக்கால்வாசி அமெரிக்க ஆர்டர். புது ஆபீஸ் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும். ஜூலை 24-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. நடைமுறைக்கு வந்தால் நம் துணி அங்கே சுங்க வரி இல்லாமல் இறங்கும். அந்தப் பக்கம் காஸ்டிங் தெரிந்த ஆளுக்கு வேலை கூடத்தான் செய்யும். இப்போது என் வாக்கு "போ" என்பது. பணத்துக்காக என்று மே மாசம் சொல்லாதவள் இன்றும் அதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற இடமும் உறுதியில்லை என்றால் கணக்கு வேறு.

இவ்வளவு நாள் அப்பாவிடம் பேசினீர்களா? அதையும் எழுதுங்கள்.

2025 செப்டம்பர் 6

அப்பா "போயிட்டு வா சாமி, மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றாராம். கூலிக்கு ஆள் வைப்பதற்கும் ஒத்துக்கொண்டாராம், ஆனால் சாயங்காலம் மட்டும். காலையில் தானே கறப்பாராம். அதற்கு மேல் கேட்கவேண்டாம் தம்பி, அப்படியே விடுங்கள்.

முதல் மூன்று மாசம் பிஜி. ஆபீஸ் போகிற வழி, தண்ணீர், கூட்டாளி எல்லாம் தெரிந்த பிறகு வீடு. ஜாய்னிங் போனஸை அட்வான்ஸுக்கென்று தனியே போட்டு வையுங்கள், போனுக்கும் பைக்குக்கும் தொடாதீர்கள். அப்புறம் ஆஃபர் லெட்டரில் போனஸ் பத்தியைத் தேடிப் படியுங்கள். ஒரு வருஷத்துக்குள் நீங்கள் விலகினால் முழுசாகத் திருப்பித் தரவேண்டும் என்று இருக்கும். அவர்களாக அனுப்பினால் தரவேண்டியதில்லை என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், எங்கள் ஆபீஸில் கேட்டவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த வருஷம் இருக்கிற நிலைமையில் அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.